முள் அராவிய தூண்டில்

தோள் எலும்பு நழுவி, கட்டுப் போட்டுக்கொள்ள வந்தவர் பனியடிமை. எலும்பு கூடிய பிறகும் அவர் போகவில்லை. தவசிமுத்து ஆசானின் வைத்தியசாலையில் மருந்து இடிப்பது, எண்ணெய் காய்ச்சுவது, வாசலில் முட்டி மோதும் கூட்டத்தை அதட்டி உட்கார வைப்பது என்று ஒட்டிக்கொண்டார். ஆசானைவிடச் சீடருக்கு வயது கூடுதல். அதனால் ஆசான் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். ஊரில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். இருவரும் காதில் போட்டுக்கொண்டதில்லை.

பனியடிமை அதற்கு முன்பு நல்ல கடல்காரர். கரை கண்ணுக்கு மறைந்த பிறகும் வெகுதூரம் போவார். அங்கே ஆழத்தில் பாறைத் தொடர் ஒன்று கிடக்கிறது. பார் என்பார்கள். அதன்மேல் வள்ளத்தை நிறுத்தி, பாறைப் பொந்துகளில் வாழும் பெரிய களவா மீன்களைத் தூண்டிலில் எடுப்பார். மகன் சஜினைக் கடலுக்குப் பறிகொடுத்த பிறகு அவர் வள்ளத்தில் கால் வைக்கவில்லை.

ஒருநாள் வேர் இடித்துக்கொண்டிருந்தவர் உலக்கையை நிறுத்தினார்.

“ஆசானே, ஒண்ணு கேக்கணும்.”

“கேளும்.”

“மன்னிச்சு விட்ட பிறகும் ஒருத்தன் ஏன் எழும்ப மாட்டேங்கான்?”

“யாரு?”

“எனக்க தம்பி. கிளீட்டஸ்.”

ஆசான் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தார்.

சஜினும் கிளீட்டஸும் வேறொருவர் படகில் வேலைக்குப் போனவர்கள். காற்றில் படகு கவிழ்ந்தது. சித்தப்பனும் சஜினும் ஒரு காலி டீசல் கேனைப் பிடித்துக்கொண்டு மிதந்தார்கள். அவ்வழியே வந்த படகு எடுத்தது சித்தப்பனை மட்டும்தான். கரைக்கு வந்த கிளீட்டஸ் நடந்ததைப் பற்றி யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. கேட்டால் எழுந்து போய்விடுவான்.

“நினைவுப் பூசை முடிஞ்சு வீடு நிறைய ஆளு சாப்பிட உக்காந்திருந்துது ஆசானே. என்னால தாங்க முடியல்ல. எல்லாருக்கும் முன்ன அவனுக்க சட்டையப் புடிச்சேன். எனக்க மோன் எப்படிச் செத்தான், இன்னைக்கு நீ சொல்லாட்டி எனக்குத் தம்பியே இல்லன்னு சொல்லி உலுக்குனேன். கொஞ்சமா உலுக்கல்ல.”

“சொன்னானா?”

“சொன்னான். ‘நான்தான் அண்ணே கைய விட்டேன்’ன்னான். அவ்வளவுதான். கண்ணு ரெண்டும் பிதுங்கி நின்னுது. அதோட வாய மூடுனவன் இன்னும் திறக்கல்ல. பொஞ்சாதி ஊட்டுனா ரெண்டு வாய் திங்கான். வலைய அடுக்கி வெச்சிருக்குற வலைப்புரையில மல்லாந்து கிடக்கான்.” பனியடிமை குரலைத் தாழ்த்தினார். “நேத்து கழுத்தளவு தண்ணியில நின்னவன நாலு பேரு இழுத்துட்டு வந்தாங்க. நாளைக்கு யாரு கண்ணுலயும் படாமப் போயிட்டான்னா?”

“நீரு அவன்கிட்ட என்ன சொன்னீரு?”

“மறுநாளே போனேன். வாசல்ல நின்னு சொன்னேன். ‘லே கிளீட்டஸ், நான் மன்னிச்சாச்சு, விட்டாச்சு. நீ உனக்க வேலையப் பாரு’ன்னேன். மனசறிஞ்சுதான் சொன்னேன் ஆசானே. ஒத்த மகனக் கொடுத்தவன் இதுக்குமேல என்ன செய்ய?”

ஆசான் அவர் கையிலிருந்த உலக்கையை வாங்கிச் சுவரில் சாய்த்து வைத்தார். பிறகு, “நான் கடலைக் கரையில நின்னுதான் பாத்திருக்கேன். நாளைக்கு அந்தப் பாருக்கு என்னைக் கூட்டிட்டுப் போறீரா?” என்றார்.

பனியடிமைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தம்பி உயிர் ஊசலாடுகிறது என்று சொன்னால் இந்த மனுஷனுக்குக் கடல் பார்க்க ஆசை. ஆனாலும் ஆசான் சொல். மறுநாள் விடிந்ததும், தம்பிக்கும் தனக்கும் பொதுவாக இருந்த வள்ளத்தின்மேல் மூடிக் கிடந்த ஓலையை விலக்கினார்.

கரையில் நின்றவர்கள் வள்ளத்தைத் தள்ளிவிட்டார்கள். “என்ன, ஆசான் மீனுக்கு வர்மம் தட்டப் போறாரா?” என்று ஒருவன் கேட்டான். ஆசானும் சேர்ந்து சிரித்தார்.

அந்தச் சிரிப்பு பாதி வழி வரைக்கும்கூட நீடிக்கவில்லை. நாலு பேர் தூக்கி வந்தவனை நடக்க வைத்து அனுப்பும் தவசிமுத்து ஆசான், வள்ளத்தின் விளிம்பில் தலையைத் தொங்கப் போட்டுக் காலையில் குடித்த கஞ்சி முழுவதையும் கடலுக்குக் கொடுத்தார். பனியடிமை ஒரு கையால் எஞ்சினைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஆசானின் நெற்றியைத் தாங்கினார். எலுமிச்சம்பழத்தைக் கீறி முகரக் கொடுத்தார். அப்போது அவருக்குச் சிரிப்பு வந்தது. மகன் போன பிறகு அவர் சிரித்தது அன்றுதான்.

கரை மறைந்தது. மலை மட்டும் தெரிந்தது. மலையின் இரண்டு முகடுகளை ஒன்றுக்குப் பின் ஒன்றாக வைத்துப் பார்த்து, கொஞ்சம் முன்னே போய், கொஞ்சம் திரும்பி, பனியடிமை எஞ்சினை நிறுத்தினார்.

“இதுக்கு நேர் கீழதான் பார்.”

ஆசான் எட்டிப் பார்த்தார். நீலத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

கணவாய் மீன் துண்டைக் கோத்த தூண்டில் இறங்கியது. கயிறு போய்க்கொண்டே இருந்தது. இன்னும் இருக்கிறதா, இன்னும் இருக்கிறதா என்று ஆசானுக்கே அலுத்துப்போன பிறகுதான் அடி தட்டியது. காத்திருந்தார்கள். வெயில் ஏறியது. ஆசான் கண்ணை மூடிச் சாய்ந்துகிடந்தார்.

திடீரென்று கயிறு விறைத்தது.

பனியடிமை எழுந்து நின்று இழுத்தார். கை மாற்றிக் கை மாற்றி, மூச்சுவிடாமல் இழுத்தார். களவாவை முதல் இழுப்பிலேயே பாரைவிட்டுப் பிரித்துவிட வேண்டும். கொஞ்சம் தளர்ந்தாலும் பொந்துக்குள் புகுந்து முதுகை ஊன்றிக்கொள்ளும். பிறகு யார் இழுத்தாலும் வராது. கட்டுப் போட்ட தோள் தாங்குமா என்று ஆசான் பார்த்துக்கொண்டிருந்தார். தோள் தாங்கியது.

பாதிக்கு மேல் மீன் போராடவில்லை. தானாகவே மேலே வந்தது.

ஓர் ஆள் கட்டிப் பிடிக்கும் அளவு பெரிய களவா. வயிறு சினையால் ஏற்கெனவே பருத்திருந்தது. இப்போது காற்றும் சேர்ந்து வெடிக்கப் போவதுபோல் இருந்தது. இரைப்பை புரண்டு வாய் வழியே வெளியே தள்ளியிருந்தது. கண்கள் பிதுங்கி நின்றன.

பனியடிமை அந்தக் கண்களைப் பார்த்தார். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“இது ஏன் இப்படி இருக்கு?” என்றார் ஆசான்.

“அடியில கிடக்குற வரைக்கும் கடல் அதை நாலு பக்கமும் அமுக்கிப் புடிச்சிருக்கும். சட்டுன்னு மேல இழுத்தா உள்ள இருக்குற காத்து ஊதிரும் ஆசானே.”

“சினையா இருக்கே, பாவம். விட்டிரும்.”

“என்னது?”

“விட்டிரும் அண்ணாச்சி.”

பனியடிமை முணுமுணுத்தபடியே தூண்டிலைக் கழற்றி, மீனைத் தண்ணீரில் நழுவவிட்டார். ஆசான் விளிம்புக்கு வந்து குனிந்தார்.

“போ தாயி. விட்டாச்சு. நீ உனக்க வேலையப் பாரு.”

மீன் வாலை அடித்தது. தலையைத் தண்ணீருக்குள் நுழைக்கப் பார்த்தது. முடியவில்லை. மல்லாந்து மிதந்தது. எங்கிருந்தோ ஒரு கடல்காக்கை வந்து அதன் வயிற்றில் உட்கார்ந்தது. இன்னொன்று கண்ணைக் குறிவைத்து இறங்கியது.

“விட்டாச்சே. ஏன் போக மாட்டேங்கு?”

பனியடிமைக்குப் பொறுக்கவில்லை. “ஆசானே, நீங்க ஒரு வைத்தியன்தானா? விட்டா எப்படிப் போவும்? மேல விட்டது மேலதான் கிடக்கும். உள்ள அவ்வளவு காத்து நிக்கு. விட்டுட்டேன் விட்டுட்டேன்னு நீங்க இங்க நின்னு சொன்னா அதுக்குக் கேக்குமா? காக்கா கொத்தியே சாவும். இதுக்குக் கொன்னு கறி வெச்சிருக்கலாம்.”

“அப்போ எப்படிப் போவும்?”

“கிளீட்டஸ் இறக்குவான்” என்றார் பனியடிமை.

சொன்ன பிறகுதான் யார் பெயரைச் சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. பிறகு வள்ளத்தின் முனையில் கிடந்த பெட்டியை இழுத்துத் திறந்தார். கிளறினார். அடியில் ஒரு தூண்டில் கிடந்தது. முனையில் பின்னோக்கி நீண்டிருக்கும் சிறுமுள்ளை அரத்தால் அராவி எடுத்து, வழவழப்பாக்கி வைத்திருந்தான் கிளீட்டஸ். சினைக் களவா வந்தால் அவன் அதை விற்க விடமாட்டான். இந்தத் தூண்டிலை அதன் உதட்டில் மாட்டி, கயிற்றில் கல்லைக் கட்டிக் கீழே இறக்குவான். அடி தட்டியதும் கயிற்றை வெடுக்கென்று ஒரு வெட்டு வெட்டினால் முள் இல்லாத தூண்டில் நழுவி வந்துவிடும். மீன் போய்விடும். கல்லைக் கயிற்றோடு மேலே இழுத்துக்கொள்வான். களவாவுக்குப் பேறுகாலம் பார்க்கிறவன் என்று கரை முழுக்க அவனைக் கேலி செய்தது. அதில் அதிகம் கேலி செய்தது அண்ணன்தான்.

பனியடிமை துடுப்பை வீசிக் காக்கைகளை விரட்டினார். மீனைப் பக்கத்தில் இழுத்தார். கல்லைக் கட்டினார். உதட்டில் தூண்டிலை மாட்டியபோது அவருடைய முரட்டு விரல்கள் மெதுவாக வேலை செய்தன.

கல் இறங்கியது. கூடவே மீனும் தலைகீழாக இறங்கியது. வெள்ளை வயிறு கொஞ்ச நேரம் தெரிந்தது. பிறகு தெரியவில்லை. கயிறு அவர் கையில் ஓடிக்கொண்டிருந்தது.

“போதாதா?” என்றார் ஆசான்.

“இதுல விட்டா திரும்ப மேல வந்திரும். இறங்க இறங்கத்தான் காத்து அடங்கும்.”

“எது வரைக்கும் இறக்கணும்?”

“எங்க இருந்து இழுத்தோமோ அங்க வரைக்கும்.”

கயிறு பாதியில் அவர் கையிலேயே நின்றது.

பனியடிமை கயிற்றைப் பார்த்துக்கொண்டே நின்றார். வள்ளம் ஏறி இறங்கியது.

“நான் வாசல்ல நின்னுல்லா சொன்னேன்” என்றார் பனியடிமை.

அவர் ஆசான் பக்கம் திரும்பினார்.

“இழுத்தவன் நான். ஊரு முன்ன வெச்சு இழுத்தேன். கைய விட்டேன்னான். எப்போ விட்டான், அதுக்கு முந்தி எவ்வளவு நேரம் புடிச்சிருந்தான், எனக்க மோன் அவன்கிட்ட என்ன சொன்னான், ஒண்ணும் நான் கேக்கல்ல. மன்னிச்சாச்சுன்னு ஒரு வார்த்தையச் சொல்லிட்டு ஓடி வந்துட்டேன்.”

“ஏன் கேக்கல்ல?”

“பயமாட்டு இருந்துது ஆசானே.” பனியடிமை அழுதார். மறைக்கவில்லை. “அவன் சொல்லச் சொல்ல நானும் அந்தத் தண்ணியில கிடக்கணும். எனக்க புள்ளைக்குக் கை மரத்துப் போறத நான் பக்கத்துல இருந்து பாக்கணும். தம்பி இன்னும் அங்கயே கிடக்கான். நான் கரையில நின்னு விட்டாச்சு விட்டாச்சுங்கேன்.”

அவர் பிடி தளர்ந்தது. கயிறு நழுவத் தொடங்கியது. ஆசான் தட்டுத் தடுமாறி எழுந்தார். முகம் இன்னும் வெளுத்துத்தான் இருந்தது. கயிற்றின் மறுமுனையைக் குறுக்குப் பலகையில் ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பலகையில் உட்கார்ந்தார்.

“இறக்கும்” என்றார்.

பனியடிமை இறக்கினார். நடுவில் ஒருமுறை அவர் முகம் மாறியது.

“வாலடிக்குது ஆசானே. உசுரு வந்துட்டு. கையில தெரியுது.”

அடி தட்டியது. அவர் ஒரு வெட்டு வெட்டினார். கயிற்றில் இருந்த துடிப்பு நின்றது. தண்ணீரைக் குனிந்து பார்த்தார். இங்கிருந்து பார்த்தால் அங்கே எதுவும் தெரியாது என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் பார்த்தார்.

“கரைக்குப் போனதும் அவன்கிட்டப் போறேன். வலைப்புரைக்கு உள்ள போய், அவன் பக்கத்துல படுத்துட்டு, முதல்ல இருந்து கேக்கப் போறேன். அவன் ஒரு வார்த்தை சொல்ல ஒரு நாள் ஆனாலும் கிடக்கேன்.”

“சரி.”

பனியடிமை உடனே எஞ்சினைத் தொடவில்லை. ஆழத்துக்குள் நேர்க்கோடாக இறங்கியிருந்த கயிற்றைப் பார்த்தபடியே நின்றார்.

“மீன் பிழைச்சுப் போச்சு. கூட இறங்குன கல்லு அங்கயே கிடந்துட்டா, ஆசானே?”

ஆசான் கையைத் தளர்த்தவில்லை.

“கயிறு எனக்க கையில இருக்கு, அண்ணாச்சி.”