நிதி மன்றம் குரூப் டிஸ்கஷனுக்குப் போன கதை

அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரி. அங்கே பி.காம். படிக்கிறவர்களுக்கென்று ஒரு நிதி மன்றம். தலைவர் கோமதிநாயகம், செயலாளர் சவரியப்பன், பொருளாளர் மெஹர்பானு. உறுப்பினர் என்று தனியாக யாரும் கிடையாது. மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு மூளை இருந்திருந்தால் இந்தக் கதையும் கிடையாது.

கோமதிக்கு அந்த வருஷம் ஒரே கவலை. மதுரையில் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி ட்ரெயினி எடுக்கிறது. மார்க் மட்டும் போதாதாம். மன்றம் கின்றம் என்று வெளி அனுபவம் வேண்டும், குரூப் டிஸ்கஷனில் பேசியும் காட்ட வேண்டும். வேலை கிடைக்காவிட்டால் மாமாவின் வெல்ல மண்டியில் உட்கார வேண்டியதுதான். மண்டியில் வெல்லத்தைவிட ஈ ஜாஸ்தி. ஈயைவிட மாமாவின் பேச்சு ஜாஸ்தி.

கோமதியின் பக்கத்து வீட்டு நவநீதம் அக்காவுக்குச் சென்னையில் பேங்க் வேலை. லீவில் ஊருக்கு வந்திருந்தாள். அவளிடம் போய் நின்றார்கள்.

"முந்திரிக்கொட்டை மாதிரி முந்தாதீங்க. அடுத்தவங்களை முதல்ல பேச விடுங்க. யார் என்ன சொன்னாலும் எடுத்தவுடனே மறுக்காதீங்க. ஒத்துக்கிட்டு, உங்க பங்குக்கு ஒரு கருத்தைச் சேருங்க. சிரிச்ச முகமா இருங்க. அவ்வளவுதான்" என்றாள்.

நல்ல யோசனைதான். சொன்ன இடம்தான் தப்பு.

உடனே பயிற்சி ஆரம்பித்தார்கள். டீக்கடையில் மாஸ்டர், "என்ன வேணும்?" என்றார்.

"மெஹர், நீ சொல்லு."

"சேச்சே, சவரி சொல்லட்டும்."

"தலைவர் இருக்கும்போது நான் எப்படி?"

"தலைவர் முந்தினா அசிங்கமா இருக்காதா?" என்றான் கோமதி.

பாய்லரே ஆறிவிட்டது. மாஸ்டர் கடையைப் பூட்டிக்கொண்டு சாப்பிடப் போனார். "பயிற்சி நல்லா வந்திருக்கு" என்றான் சவரி. யாரும் மறுக்கவில்லை. மறுக்கக் கூடாதே.

தேர்வு அன்று மதுரை பஸ் ஏறினார்கள். யார் முதலில் டிக்கெட் கேட்பது என்று ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே காரியாபட்டி வரை போய்விட்டார்கள். கண்டக்டர் வந்து, "ஏம்ப்பா, டிக்கெட் எடுக்காமலே வர்றீங்களா?" என்றார்.

"ஒத்துக்கிறோம் அண்ணே" என்றான் கோமதி. "கூடவே, போன வாரமும் எடுக்கலை."

"போன வாரம் பஸ்ஸே ஏறலையே" என்றாள் மெஹர்.

"அதான் எடுக்கலை."

காரியாபட்டியில் இறக்கி விட்டார். மிச்ச தூரம் ஒரு வாழைக்காய் லாரியில் போனார்கள்.

கம்பெனியில் அதிகாரி திருவேங்கடம் எதிரே உட்கார்ந்திருந்தார். "தலைப்பு, சேமிப்பா முதலீடா. ஆரம்பிங்க."

மூன்று பேரும் சிரித்தார்கள். ஃபேன் சுற்றியது. அதிகாரி, முகத்தில் ஏதாவது ஒட்டியிருக்கிறதோ என்று துடைத்துப் பார்த்துக்கொண்டார். சிரிப்பு நிற்கவில்லை. அவருக்கு லேசாகப் பயம் வந்துவிட்டது.

"சரிப்பா. யார் முதல்ல வாயைத் திறக்கிறீங்களோ அவங்களுக்கு வேலை. போதுமா?"

கோமதிக்கு மண்டி ஈ மொத்தமும் காதுக்குள் வந்து ரீங்காரம் போட்டது. வார்த்தை பல் வரைக்கும் வந்துவிட்டது. அப்படியே முழுங்கிவிட்டு மெஹரை நோக்கிக் கை நீட்டினான். மெஹர் சவரியை நோக்கி நீட்டினாள். சவரி அதிகாரியை நோக்கி நீட்டினான்.

"உங்களுக்கெல்லாம் பேசவே வராதா?" என்று கத்தினார் அதிகாரி.

கோமதியின் முகம் மலர்ந்தது. அப்பாடா, ஒருத்தர் ஆரம்பித்துவிட்டார்!

"சார் சொன்னதை நான் ஒத்துக்கிறேன். என் பங்குக்கு ஒண்ணு, எங்களுக்குக் கணக்கும் வராது."

"கோமதி சொன்னது நூத்துக்கு நூறு சரி" என்றாள் மெஹர். "நான் மன்றத்துப் பொருளாளர். மன்றத்துப் பணம் எங்க இருக்குன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது."

"ரெண்டுமே அருமையான கருத்து" என்றான் சவரி. "இவங்களை எடுத்தா கம்பெனி கார்த்திகைக்குள்ள இழுத்து மூடிரும். என்னை எடுத்தா ஆடியிலேயே."

யாரும் இப்படித் தடங்கலில்லாமல் பேசி அந்த அறை பார்த்ததில்லை. அதிகாரி தலையில் கை வைத்துக்கொண்டார். "கடைசியா என்னதான் சொல்ல வர்றீங்க?"

கோமதி எழுந்து நின்று சொன்னான். மற்ற இரண்டு பேரும் கை தூக்கினார்கள். கொஞ்சம் யோசித்துவிட்டு அதிகாரியும் தூக்கினார்.

சாயங்காலம் மண்டி வாசலிலேயே மாமா பிடித்துக்கொண்டார். "என்ன மாப்ளே, வேலை கெடச்சுதா?"

"அமர்க்களம் மாமா. எங்க மூணு பேருக்கும் வேலை தரவே கூடாதுன்னு ஏகமனதா முடிவாச்சு. பெரிய அதிகாரியே ஆதரிச்சாரு." கோமதி காலரைத் தூக்கி விட்டுக்கொண்டான். "முன்மொழிஞ்சது யாருங்கிறீங்க? நான்தான்!"