டீனின் நாற்காலியில் ஒரு கிளை

சட்டப் பல்கலைக்கழகத்தில் மலைமக்களின் வழக்காற்றுச் சட்டத்தைப் புதிய பாடமாகச் சேர்த்திருந்தார்கள். அதை நடத்த வந்த மாதி அந்த மலையிலேயே பிறந்தவள். டீன் புருஷோத்தமனுக்குப் பாடத்தின் மேலும் சந்தேகம், அவள் மேலும் சந்தேகம். ஒருநாள் வகுப்புக்கே வந்துவிட்டார்.

"போலீஸ் இல்லாத சட்டத்தை எவன் மதிப்பான்? மதிக்கிற ஒருத்தனை இங்கேயே காட்டும்மா. இல்லேன்னா பாடத்தை இன்னியோட மூடிடலாம்."

மாதி ஜன்னலோர வேம்பில் ஒரு கிளையை ஒடித்து, அவருக்காகப் போட்டிருந்த நாற்காலியில் வைத்தாள்.

"தகராறுல இருக்கிற பொருள் மேல நாங்க பச்சைக் கிளை வைப்போம் சார். வழக்கு தீர்ற வரைக்கும் யாரும் தொடமாட்டாங்க."

சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தாள்.

டீன் கிளையையே பார்த்தார். இதில் ஏதோ சூது இருக்கிறது. மாணவர்களைப் பார்த்தார். சிரிப்பதுபோலவும் இருந்தது, சிரிக்காததுபோலவும் இருந்தது. நின்றுகொண்டே இருந்தார். கடைசியில் முழங்கால் கெஞ்சியது.

"அந்தக் கிளையை எடும்மா, உட்காரணும்."

"கைக்கு எட்டுற தூரம்தானே சார், நீங்களே எடுக்கலாமே. இங்க போலீஸ்கூட இல்லையே."

பின்வரிசையில் முதலில் சிரித்தார்கள். டீனுக்குச் சற்றுத் தாமதமாகத்தான் புரிந்தது.

"சரி, பாடம் நடக்கட்டும்."

"அப்போ வழக்கு தீர்ந்தது சார்" என்று மாதி கிளையை எடுத்தாள்.

டீன் நாற்காலியை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.