மறுபக்கம் போய்ப் பார்த்த மீன்கொத்தி

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர் என் மதினி பிரகாசி. எங்கள் பெரியவன் வீட்டுக்கு நிலைவாசல் வைத்த அன்று, ஜெபம் முடிந்து ஆட்களெல்லாம் டீ குடித்துக்கொண்டிருந்தபோது சொன்னார். அவர் சொன்னபடியே சொல்கிறேன்.

காட்டுக்கு நடுவே ஒரு குளம் இருந்தது. குளத்துக்கு உயரமான மண் கரை. கரைக்கு இந்தப் பக்கம் தண்ணீர், அந்தப் பக்கம் பள்ளமான புல்வெளி. தண்ணீர்ப் பக்கத்துச் சரிவில் மீன்கொத்திகளும் நண்டுகளும் வளை தோண்டிக் குடியிருந்தன. புல்வெளிப் பக்கத்தில் பெருச்சாளியும் காட்டெலியும் வளை தோண்டிக் குடியிருந்தன. கீழே புல்லுக்குள் காடைகள் கூடு வைத்திருந்தன.

மீன்கொத்திக்கு இறக்கை உண்டுதான். ஆனால் அதன் கண் எப்போதும் தண்ணீர் மேலேயே இருக்கும். கரையைத் தாண்டி அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று எந்த மீன்கொத்தியும் எட்டிப் பார்த்ததில்லை.

அந்தக் குளத்தில் பவளம் என்று ஒரு பெண் மீன்கொத்தி இருந்தது. அதன் கணவன் பெயர் கூரான். இரண்டும் ஒற்றுமையான குடும்பம். ஒரே ஒரு குறைதான். சொந்தமாக ஒரு வளை இல்லை.

அந்தக் குளத்தில் யார் வீடு கட்டினாலும் கரைச் சபையின் சம்மதம் வேண்டும். சபைக்கு நாட்டாமை ஓர் எருமை. வீடு கட்ட நினைப்பவர்கள் முதலில் எருமையிடம் போக வேண்டும். எருமை அசைபோட்டு முடித்துவிட்டு, நாரையைப் பார்க்கச் சொல்லும். நாரை ஒற்றைக் காலில் நின்று யோசித்துவிட்டு, கரைமேல் மெல்ல நடந்து பார்க்கும். பிறகு உடும்பைப் பார்க்கச் சொல்லும். உடும்பு வந்து வளை தோண்டப்போகும் இடத்தில் நாக்கை நீட்டி மண்ணைச் சோதிக்கும். முட்டை தின்கிற உடும்புக்கு வாசல் வரும் இடத்தைக் காட்டிக் கொடுப்பதற்கே பலர் பயந்தார்கள். கடைசியில் எல்லோரும் தலையாட்டி முடிப்பதற்குள் மழை இறங்கிவிடும்.

போன வருஷம் பவளத்துக்கு அப்படித்தான் ஆயிற்று. சம்மதம் வருவதற்குள் முட்டையிடும் வேளை வந்துவிட்டது. வேறு வழியில்லாமல், யாரோ விட்டுப்போன தாழ்வான பொந்தில் பவளம் முட்டையிட்டது. மழை பெய்தது. தண்ணீர் ஏறியது. அந்த வருஷம் அவர்கள் வீட்டில் குஞ்சுச் சத்தம் கேட்கவில்லை.

பவளம் யாரையும் திட்டவில்லை. படைத்தவனிடம் மட்டும் தினமும் சொல்லிக்கொண்டது. "அடுத்த முட்டைக்காவது ஒரு கூரை கொடு, சாமி" என்று கேட்டது.

பவளத்தைப் போலப் பாதிக்கப்பட்டவர்கள் அந்தக் குளத்தில் பலர். எல்லோரும் போய் எருமை முன்னால் நின்றார்கள். நண்டு அழுதது. காட்டெலி கோபப்பட்டது. எருமை கெட்ட பிராணி இல்லை, கொஞ்சம் மெதுவான பிராணி, அவ்வளவுதான். கேட்டதும் அதற்கு மனசு இளகிவிட்டது. எருமையும் நாரையும் உடும்பும் கூடிப் பேசிப் புது விதி ஒன்றைச் சொன்னார்கள்.

"இனிமேல் சின்ன வீடு கட்டுகிறவர்கள் எங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம்" என்றது எருமை. "தண்ணீர் ஏறும் தடத்துக்கு மேலே கட்டுகிறேன், அடுத்தவர் வீட்டுக்குக் கெடுதல் செய்யாமல் கட்டுகிறேன் என்று சபையில் உங்கள் வாயால் சொன்னால் போதும். அன்றைக்கே வேலையைத் தொடங்கலாம். சொன்ன சொல்லுக்கு நீங்கள்தான் பொறுப்பு."

குளமே கொண்டாடியது. அன்று சாயங்காலம் வரை வரிசை நின்றது. ஒவ்வொருவரும் வந்தார்கள், ஒப்பித்தார்கள், ஓடினார்கள். பொந்தையா என்ற பெருச்சாளி மட்டும் திரும்பத் திரும்ப வரிசையில் வந்து நின்றது. எருமை ஏனென்று கேட்டது. ஒவ்வொன்றும் சின்ன வீடுதான் என்றும், பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று என்றும் பொந்தையா சொன்னது. எத்தனை பிள்ளைகள் என்று கேட்டதற்கு, அது இனிமேல்தான் முடிவாக வேண்டும் என்றது.

கூரானும் போய் ஒப்பித்துவிட்டு வந்தது. வந்த வேகத்தில் பவளத்தைக் கூப்பிட்டு, கரையின் நல்ல மேட்டில் ஓர் இடத்தைக் காட்டியது. எதிரே தாழ்ந்த கிளை, கீழே மீன் நிறைந்த துறை. பவளத்துக்குக் கண் நிறைந்துவிட்டது.

"ஏங்க, இந்த இடத்தைப் பார்த்துவிட்டா சபையில் சொன்னீங்க?"

"சொல்லிவிட்டுத்தான் இடம் பார்த்தேன். வரிசை நீளமாக இருந்ததே" என்றது கூரான்.

பவளத்துக்கு மனசில் ஏதோ உறுத்தியது. ஆனாலும் முட்டைக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. கண்ணை மூடிப் படைத்தவனை நினைத்துக்கொண்டு, விர்ரென்று பறந்துபோய்க் கரையில் மூக்கால் ஒரு குத்து விட்டது. மண் உதிர்ந்தது. பிறகு கூரான் குத்தியது. கால் வைக்க இடம் கிடைத்ததும் இரண்டும் மாறி மாறிக் குடைந்தன. ஒன்று உள்ளே கொத்தும், மற்றது காலால் மண்ணை வெளியே தள்ளும். மழைத்தண்ணீர் உள்ளே தங்கக்கூடாது என்று, வளையைச் சற்று மேல்நோக்கியே குடைந்துகொண்டு போனார்கள். மீன்கொத்திகளுக்கு அது பிறவியிலேயே வந்த வேலை.

வளை நன்றாக உள்ளே போய்விட்டது. முட்டை வைக்கும் அறையைக் குடையத் தொடங்கிய அன்று, பவளத்தின் மூக்குக்கு முன்னால் மண்ணுக்குள் சர்சர்ரென்று ஒரு சத்தம். பவளம் நிறுத்தியது. சத்தம் நிற்கவில்லை. யாரோ எதிரிலிருந்து தோண்டிக்கொண்டு வருகிறார்கள்.

வெளியே வந்து கணவனிடம் சொன்னது. வேர் அசைகிற சத்தமாக இருக்கும் என்றது கூரான். வேர் நின்று நின்றா அசையும் என்று கேட்டது பவளம். நாம் நம் பக்கம்தானே தோண்டுகிறோம், சபையில் சொல்லியும் ஆயிற்று, இனி யார் கேட்கப் போகிறார்கள் என்று கூரான் சமாதானம் சொல்லிப் பார்த்தது.

பவளத்துக்கு ஆறவில்லை. நேராக மேலே பறந்தது. அது வரை எந்த மீன்கொத்தியும் செய்யாத காரியமாகக் கரையைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கியது.

இறங்கினால், சரிவு முழுக்கப் புது மண் குவியல். குவியல்களுக்கு நடுவே பொந்தையா மீசையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கீழே புல்லுக்குள் காடைக் குஞ்சுகள் ஓடி விளையாடிக்கொண்டிருந்தன. இந்தக் கரை உடைந்தால் தண்ணீர் முதலில் போகிற இடம் அதுதான் என்று பார்த்த உடனே பவளத்துக்குத் தெரிந்துவிட்டது. போன வருஷம் தன் முட்டைகள் மிதந்தது ஞாபகம் வந்தது.

"பொந்தையா அண்ணே, இந்த வளை எதுவரைக்கும் போகிறது?" என்று கேட்டது.

"வா தங்கச்சி. சபையே கேட்காததை நீ வந்து கேட்கிறாயே, உன்னைப் புது நாரையாகப் போட்டிருக்கிறார்களா?" என்று சிரித்தது பொந்தையா.

"சபை கேட்காததால்தான் நான் கேட்கிறேன், அண்ணே."

"என் வீடு என் பக்கம். உன் வீடு உன் பக்கம். ஒழுங்காகத்தானே இருக்கிறது?"

"நடுவில் இருக்கிற மண் யார் பக்கம்?"

மண் என்றால் எல்லாம் மண்தான் என்று பொந்தையா முணுமுணுத்தது. பவளம் சண்டை போடவில்லை. ஓர் உதவி மட்டும் கேட்டது. அண்ணன் தன் வளையின் கடைசி அறையில் போய் உட்கார வேண்டும். நான் என் வளைக்குள் போய்க் கொத்துவேன். அண்ணனுக்கு ஒன்றும் கேட்காவிட்டால் இனி இந்தப் பக்கமே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பறந்தது.

பொந்தையா விளையாட்டாக உள்ளே போய் உட்கார்ந்தது. கொஞ்ச நேரத்தில் டொக்கென்று ஒரு சத்தம். எங்கோ தூரத்தில் இல்லை, அதன் காதுக்குப் பக்கத்தில். அடுத்த டொக்குக்கு மேலிருந்து மண் உதிர்ந்து மூக்கில் விழுந்தது. பொந்தையா பின்பக்கமாகவே வெளியே ஓடிவந்தது. திரும்பி ஓட அந்த வளையில் இடமில்லை.

பவளம் மறுபடி வந்தபோது பொந்தையாவின் மீசை ஆடிக்கொண்டிருந்தது.

"தங்கச்சி, இன்னும் ஒரு கை மண்தான் இருந்திருக்கும். என் பெண்டாட்டி படுக்கிற அறை அது."

இரண்டு வளையும் சேர்ந்திருந்தால் கரைக்குக் குறுக்கே ஒரு குழாய் வைத்த மாதிரி ஆகியிருக்கும். ஒரு நல்ல மழை போதும், குளம் அந்த வழியாகவே வெளியே போயிருக்கும்.

பொந்தையா அன்றே தன் பின் அறைகளை மண் போட்டு மூடியது. பிறக்காத பிள்ளைகளுக்குக் கட்டியதையும் சேர்த்தே மூடிவிட்டது. பவளமும் கூரானும் பாடுபட்டுக் குடைந்த வளையைத் தாங்களே அடைத்தார்கள். அடைக்கும்போது கூரானுக்குக் கண் கலங்கியது. முட்டைக்கு நாள் இல்லையே, எங்கே போவோம் என்று புலம்பியது. பவளத்துக்கும் அதே பயம்தான். ஆனால் பயத்தோடேயே நாரையிடம் போனது.

நாரை திடுக்கிட்டது. புது விதி வந்ததிலிருந்து அதைத் தேடி ஒருவரும் வருவதில்லை.

"சம்மதம் கேட்க வரவில்லை ஐயா. இடம் கேட்க வந்திருக்கிறேன். உங்களுக்குத்தான் கரையின் இரண்டு பக்கமும் தெரியும்" என்றது பவளம்.

நாரைக்கு முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை காலம் கரைமேல் தான் மெல்ல நடந்தது சோம்பலால் இல்லை என்றும், இந்தப் பக்கம் ஒரு கண், அந்தப் பக்கம் ஒரு கண் வைத்து நடந்ததால்தான் என்றும் சொன்னது. யாருக்கும் அதை விளக்கிச் சொல்லாதது தன் தப்புதான் என்றும் ஒப்புக்கொண்டது. பிறகு, குளத்துக்கு ஓடை வந்து சேரும் இடத்தில் ஒரு மேட்டைக் காட்டியது. அங்கே அந்தப் பக்கமும் மேடுதான், பின்னால் யாரும் இல்லை. மண் மட்டும் கெட்டி.

கெட்டி மண் என்றதும் கூரானுக்குச் சோர்வு வந்தது. அப்போது பொந்தையா தானாகவே வந்து நின்றது. தோண்டுகிற கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, இரண்டு அடி நான் இளக்கித் தருகிறேன் என்று சொன்னது. சொன்னபடியே இளக்கியும் கொடுத்தது. பிறகு மீன்கொத்திகள் தங்கள் முறைப்படி மேல்நோக்கிக் குடைந்தன. அறை முடிந்த அன்றே பவளம் முட்டையிடத் தொடங்கியது. முட்டைகள் வெள்ளை வெளேரென்று, உருண்டையாக இருந்தன. கூரான் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து வெளியே வந்து, காவலுக்குக் கிளையில் உட்கார்ந்துகொண்டது.

கோடை மழை பலமாக வந்தது. குளம் தளும்பியது. பவளமும் பொந்தையாவும் அடைத்த இடத்தில் ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. ஆனால் கரையின் அடுத்த கோடியில், நண்டின் வளையும் காட்டெலியின் வளையும் முட்டிக்கொண்டிருந்தது ஒருவருக்கும் தெரியாது. அந்த வழியாகத் தண்ணீர் பீறிட்டது. காடைகள் அலறின. பொந்தையா ஓடிவந்து மண்ணைத் தள்ளியது. தள்ளிய மண்ணெல்லாம் கரைந்தது. கடைசியில் எருமை தண்ணீருக்குள் இறங்கி, ஓட்டையை அடைத்த மாதிரி கரையோடு ஒட்டிப் படுத்துக்கொண்டது. ஓரிடத்தில் நகராமல் படுப்பதில் நாட்டாமையை மிஞ்ச ஆளில்லை. அதற்குப் பின்னால் எல்லோரும் மண் போட்டு மிதித்தார்கள். காடைக் குஞ்சுகள் நனைந்ததோடு தப்பின.

மழை விட்டதும் சபை கூடியது. காடை கோபத்தில் இருந்தது. பழைய விதியே வரட்டும், ஒவ்வொரு வளையையும் மூன்று பேரும் பார்க்கட்டும் என்றது. பலரும் ஆமாம் போட்டார்கள். எருமைக்கும் அதுவே சரியென்று பட்டது.

சபையில் பவளம் அதுவரை பேசியதே இல்லை. ஆனாலும் கிளையிலிருந்து இறங்கி நடுவில் வந்து நின்றது.

"நாட்டாமை, முட்டைக்குக் காத்திருக்கத் தெரியாது. பழைய விதியில் நான் இழந்ததை நீங்கள் திருப்பித் தர முடியாது. புது விதியே இருக்கட்டும். அதோடு ஒரு சொல்லை மட்டும் சேர்த்துவிடுங்கள். கரையின் மறுபக்கம் போய், அங்கே இருப்பவரிடம் பேசிவிட்டு வந்தேன் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். அவரும் கூட வந்து நிற்க வேண்டும்."

காடை யோசித்துப் பார்த்தது. அப்படியானால் எங்களிடமும் வந்து சொல்வார்களா என்று கேட்டது. உங்களிடம்தான் முதலில் என்றது பவளம். காடைக்குக் கோபம் தணிந்தது. நாரை தலையசைத்தது. எருமை மெதுவாக அசைபோட்டது. அன்று மட்டும் சீக்கிரமாக முடித்து, அப்படியே ஆகட்டும் என்றது.

அதற்குப் பிறகு அந்தக் கரையில் வீடு கட்ட ஒருநாள் கூடுதலாக ஆயிற்று. ஆனால் எந்த வளையும் எந்த வளையோடும் முட்டவில்லை. நண்டும் காட்டெலியும் பேச்சுவார்த்தை வைத்துக்கொள்ளத் தொடங்கின. பவளத்தின் வளைக்குள்ளிருந்து குஞ்சுகளின் சத்தம் கேட்டது. சாயங்காலம் மீன் பிடித்துக்கொண்டு திரும்பும்போதெல்லாம், வாசலில் ஒரு நிமிஷம் நின்று பவளம் கண்ணை மூடிக்கொள்ளும். பிறகுதான் உள்ளே போகும்.

தடுத்துக் கேட்க ஆளில்லாதபோது, நம் வேலையால் யாருக்குக் கெடுதல் வரும் என்று நாமே போய்ப் பார்த்துக் கேட்டுக்கொள்வதுதான் நமக்குக் கொடுத்த உரிமைக்கு நாம் செய்யும் மரியாதை.

நீங்களும் வீடு கட்டும் யோசனையில் இருந்தால், இந்த வாரத்துக்குள் பக்கத்து வீட்டுக்குப் போய், நாங்கள் கட்டப்போகிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்.