தூங்காத வண்டி

சபாபதிக்குக் குரு வாய்த்தபோது அவருக்கு வயது அறுபத்தொன்று. குருவுக்கு நாற்பத்திரண்டு. ஆசிரமத்தில் எல்லோரும் வல்லியம்மா என்றுதான் அழைப்பார்கள். தன் தங்கையைவிடச் சின்னவளை அம்மா என்று கூப்பிட அவருக்கு முதலில் நாக்கு புரளவில்லை. பிறகு அது பழகிவிட்டது. சும்மா உட்காருவதுதான் கடைசிவரை பழகவில்லை.

ஜவ்வாது மலையடிவாரத்தில் இருந்த சின்ன ஆசிரமம் அது. ஓட்டுக் கூரை போட்ட அறைகள், ஒரு தியானக் கூடம், மாந்தோப்பு, தோப்புக்கு அந்தப் பக்கம் சமையல்கட்டு. காலையில் கூடத்தில் கண்ணை மூடி உட்கார்ந்து மற்றவர்கள் மூச்சைக் கவனிப்பார்கள். சபாபதி தன் காரைக் கவனிப்பார்.

காரில் பேட்டரி நிற்கவில்லை. நிறுத்திவைத்த வண்டி நிறுத்திய இடத்திலேயே செத்துக் கிடக்கும். பக்கத்துத் தோட்டத்து டிராக்டரைக் கொண்டுவந்து, ஒயர் மாட்டி உயிர் கொடுத்தால் அன்றைக்கு ஓடும். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் மறுபடி பிணம்.

"ஓட்டாத வண்டிக்கு எதுக்கு இவ்வளவு கவலை?" என்று ஒருநாள் வல்லியம்மா கேட்டார்.

"ஓட்ட வேண்டி வரும்மா. எந்த நேரம்னு தெரியாது. அதான்."

விஷயம் இதுதான். அவருடைய ஒரே மகள் பூங்கோதைக்கு இது தலைப்பிரசவம். மாப்பிள்ளை மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். வளைகாப்பு முடிந்ததும் முறைப்படி தாய்வீட்டுக்கு, ஆம்பூருக்கு, அனுப்பிவைத்தார்கள். தாய்வீட்டில் தாய் இல்லை. சபாபதியின் மனைவி போய் இரண்டு வருடம் ஆகிறது. சமைக்க ஓர் அம்மாளை அமர்த்தினார். பக்கத்து வீட்டு ரெஜினா டீச்சரிடம் ஒரு கண் வைத்துக்கொள்ளச் சொன்னார். மருந்து, பழம், குங்குமப்பூ எல்லாம் வாங்கி நிரப்பினார். நிரப்பிவிட்டு, மகளுக்கு நல்லபடியாகக் குழந்தை பிறக்க வேண்டும் என்று ஒரு மண்டலம் ஆசிரமத்தில் தங்குவதாக வேண்டிக்கொண்டு, மகளை அந்த வீட்டில் விட்டுவிட்டு இங்கே வந்துவிட்டார். ஊரில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. சாமி காரியம் என்றால் யார்தான் கேட்பார்கள்?

கோதையும் கேட்கவில்லை. "வலி வந்தா போன் பண்றேன். வந்துடுவீங்கல்லப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

"வண்டி எதுக்கும்மா இருக்கு? ஒன்றரை மணி நேரத்துல வந்து நிப்பேன்" என்றார் சபாபதி.

அந்தப் போன் ஒரு விடியற்காலையில் வந்தது. இவர் வேட்டியை இறுக்கிக்கொண்டு ஓடிவந்து பட்டனை அழுத்தினார். கார் ஒரு தடவை டிக் என்றது. பிறகு அதுவும் இல்லை. பேருந்து பிடித்து, மாறி, இவர் போய்ச் சேருவதற்குள் டீச்சர் கோதையை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், அது பொய்வலி என்று அவர்கள் திருப்பி அனுப்பி, வீட்டில் கஞ்சியும் குடித்தாகிவிட்டது. கோதை ஒரு வார்த்தை குறைசொல்லவில்லை. அவள் திட்டியிருந்தால்கூடச் சபாபதிக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். மண்டலம் முடியும்வரை வெளியே இரவு தங்கக் கூடாதே, அன்று சாயங்காலமே ஆசிரமத்துக்குத் திரும்பிவிட்டார். வழியெல்லாம் வெட்கம் பிடுங்கித் தின்றது.

அன்றிலிருந்து மனுஷர் காரே கதி என்று ஆகிவிட்டார். ஆசிரமத்துக்கு வருகிறவர்கள் எல்லாம் வண்டியை வாசல் கேட்டருகே நிறுத்துவது வழக்கம். இவர் மட்டும் முதல் நாளிலிருந்தே தன் அறை ஜன்னலுக்குக் கீழே நிறுத்தியிருந்தார். ஜன்னல் கட்டையில் ஓர் ஆணி அடித்து அதில் சாவியை மாட்டியிருந்தார். கையை நீட்டினால் சாவி, காலை வைத்தால் கார். இப்போது அதோடு காலையும் மாலையும் கதவைத் திறந்து, ஸ்டார்ட் ஆகிறதா என்று பார்த்து, ஆனதும் உடனே அணைத்து, பூட்டி, பூட்டியது சரியா என்று இன்னொரு தடவை கைப்பிடியை இழுத்துப் பார்த்துவிட்டு வருவார். பேட்டரி இன்னும் சீக்கிரமாகத் தீர்ந்தது.

திருப்பத்தூரிலிருந்து ஜாபர் என்கிற எலெக்ட்ரீஷியனை வரவழைத்தார். அவர் பானெட்டைத் திறந்து, பேட்டரிக்கும் ஒயருக்கும் நடுவில் மீட்டரை மாட்டினார்.

"எங்கேயோ கரண்ட் கசியுது சார். ஆனா இப்பப் பார்த்தா தெரியாது. வண்டி முழிச்சிருக்கு."

"முழிச்சிருக்கா?"

"ஆமா சார். பூட்டிட்டு அரை மணி நேரம் விட்டா உள்ள இருக்கிறதெல்லாம் ஒண்ணொண்ணா அணைஞ்சு தூங்கும். தூங்கின பிறகும் எது இழுக்குதோ அதுதான் திருடன். சாவியைக் குடுங்க, வாசல் கேட்கிட்ட நிக்கிற என் பைக் பெட்டியில போட்டு வைக்கிறேன். நீங்களும் கொஞ்சம் தள்ளி இருங்க."

சபாபதி தள்ளித்தான் இருந்தார். ஒரு பீடி பிடிக்கும் நேரம் இருந்தார். பிறகு மெதுவாகப் போய்க் கைப்பிடியைத் தொட்டார். மீட்டர் துள்ளியது.

"சார்!"

"பூட்டியிருக்கான்னு பார்த்தேன்."

"நான்தானே பூட்டினேன்? போங்க சார் அந்தப் பக்கம். மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

இரண்டாம் தடவை, வண்டிக்குள் ஏதோ விளக்கு எரிகிற மாதிரி இருந்தது என்று கண்ணாடியில் முகத்தை வைத்துக் கைப்பிடியில் சாய்ந்தார். மூன்றாம் தடவை ஜாபர் அவரைக் கிணற்றடியில் உட்காரவைத்து, எதிரே தானும் உட்கார்ந்துகொண்டார். தியானக் கூடத்தில் ஒருநாளும் உட்காராத மனுஷர் அங்கே உட்கார்ந்தார், காவல் இருந்ததால்.

அரை மணி கழித்து ஜாபர் மீட்டரைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "சுத்தமாத் தூங்குது சார். கசிவே இல்ல. பேட்டரிக்குத்தான் வயசாயிருக்கும். மாத்திடுங்க."

மாற்றினார்கள். புதுப் பேட்டரி. சபாபதி அன்று மகளுக்குப் போன் செய்து, "புதுசு போட்டாச்சு கோதை, இனி பயமில்ல" என்றார். மதியம் இன்னொரு தடவை பேசினார். சாயங்காலம், வலி இருக்கிறதா என்று கேட்க ஒரு தடவை. விளக்கு வைத்ததும், சாயங்காலம் கேட்டபோது அவள் குரல் ஒரு மாதிரி இருந்ததே என்று ஒரு தடவை.

நாலாவது நாள் புதுப் பேட்டரியும் செத்தது. மறுபடி டிராக்டரைக் கொண்டுவந்து உயிர் கொடுத்து, ஒரு மணி நேரம் ஓடவிட்டு நிறுத்தினார்.

கூடத்தில் எல்லோரும் கண்மூடி இருந்தார்கள். சபாபதி உள்ளே வந்து வல்லியம்மாவுக்கு எதிரே தொப்பென்று உட்கார்ந்தார்.

"என்னால முடியல அம்மா. கண்ணை மூடினா கார். திறந்தா போன். நெஞ்சுக்குள்ள யாரோ ஓடிக்கிட்டே இருக்காங்க. ஒரு வழி சொல்லுங்க."

வல்லியம்மா கண்ணைத் திறந்தார். "சாவி எங்க?"

"ஜன்னல்ல இருக்கு."

"கொண்டாங்க."

கொண்டுவந்தார். வல்லியம்மா அதை வாங்கிக்கொண்டு எழுந்து, தோப்பைத் தாண்டிச் சமையல்கட்டுக்கு நடந்தார். சபாபதி பின்னாலேயே போனார். அரிசி டிரம்மின் மூடியைத் திறந்து, அரிசிக்குள் கையை விட்டு, முழங்கை ஆழத்தில் சாவியைப் புதைத்தார் வல்லியம்மா. எடுத்த கையைத் தட்டிக்கொண்டார்.

"அம்மா! போன் வந்தா?"

"வந்து எடுத்துக்குங்க."

"அவசரமாச்சே!"

"உங்க அறையிலேர்ந்து இங்க நடந்துவர எவ்வளவு நேரம் ஆகும்?"

"ரெண்டு நிமிஷம் ஆகும்."

"அந்த ரெண்டு நிமிஷத்துக்குக் குழந்தை பொறுத்துக்கும். அதுவரைக்கும் வண்டியைத் தொடாதீங்க. பார்க்கவும் வேண்டாம்."

சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். சபாபதி டிரம்முக்குப் பக்கத்திலேயே நின்றார். சமையல் செய்கிற பெண் அரிசி அளக்க வந்து, "கொஞ்சம் நகர்றீங்களா?" என்று கேட்ட பிறகுதான் நகர்ந்தார்.

அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஜன்னலை மூடிவைத்தார். மூடிய ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். வெறும் ஆணியைத் தடவினார். சாப்பிடப் போகும்போதெல்லாம் டிரம் இருக்கிற மூலையைப் பார்த்துவிட்டுத்தான் தட்டில் கைவைத்தார். வண்டியைத் தொட முடியாத கைக்குப் போன்தான் கிடைத்தது. "என்னம்மா பண்றே? படுத்திருக்கியா? சும்மாதான் கூப்பிட்டேன்" என்று நாளைக்கு ஏழெட்டுத் தடவை மகளை எழுப்பினார்.

அந்த வாரக் கடைசியில் வல்லியம்மாவே, "போய் வண்டி கிளம்புதான்னு பாருங்க" என்றார்.

சபாபதி அரிசியைத் துழாவிச் சாவியை எடுத்து ஓடினார். பட்டனை அழுத்தியதுதான் தாமதம், கார் சிங்கம்போல எழுந்தது. அவருக்குக் கண்ணில் நீர் முட்டியது. இத்தனை நாள் தொடாமல் கிடந்த வண்டி! அணைத்துவிட்டு, அப்படியே ஸ்டியரிங்கைப் பிடித்தபடி யோசித்தார். சபாபதி ஒன்றும் விவரம் தெரியாதவர் அல்ல. மின்வாரியத்தில் முப்பது வருடம் குப்பை கொட்டியவர். ஜாபர் சாவியைப் பைக் பெட்டியில் கொண்டுபோய்ப் போட்டது நினைவுக்கு வந்தது. ஆணி அடித்த ஜன்னலை நிமிர்ந்து பார்த்தார். விஷயம் பளிச்சென்று விளங்கியது. தலையில் அடித்துக்கொண்டு தனியாகச் சிரித்தார்.

உடனே மகளுக்குப் போன். "கண்டுபிடிச்சிட்டேன் கோதை! வண்டி இனி எப்பவும் ரெடி. நீ ஒரு குரல் குடு, அடுத்த நிமிஷம் கிளம்பிடுவேன்."

"சரிப்பா" என்றாள் கோதை. கொஞ்சம் பொறுத்து, "சாப்பிட்டீங்களா?" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

சாவியோடு சமையல்கட்டுக்கு வந்தார். அவராகவே அதைத் திரும்ப அரிசிக்குள் புதைத்தார். வல்லியம்மா தரையில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். சபாபதி எதிரே உட்கார்ந்து தானும் ஒரு கை உரிக்க ஆரம்பித்தார்.

"வண்டிக்கு என்ன வியாதின்னு தெரிஞ்சுதா?"

"சாவிதாம்மா. இந்த வண்டிக்குச் சாவியைப் போட்டுத் திருகற வேலை இல்ல. சாவி பக்கத்துல வந்தாலே வண்டிக்குத் தெரிஞ்சிடும். ஆள் வந்துட்டார்னு எழுந்து கதவைத் திறக்கத் தயாராயிடும். நான் அதை ஜன்னல்ல மாட்டி வச்சிருக்கேன். ஆள் வந்துட்டார், வந்துட்டார்னு ராத்திரி பூரா எழுந்து எழுந்து பார்த்திருக்கு. ஆள் வரவே இல்ல. அப்படியே தீர்ந்து போயிருக்கு."

"பாவம்" என்றார் வல்லியம்மா.

"உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா அம்மா?"

"எனக்குக் கார் பத்தி என்ன தெரியும்? நீங்க ஆணியைத் தடவித் தடவிப் பார்க்கறதுதான் தெரிஞ்சுது. கோதை என்ன சொன்னா?"

சபாபதி ஒரு மொச்சையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சரிப்பான்னா. குரல்ல தெம்பே இல்லம்மா. சரியாத் தூங்கறதில்லன்னு டீச்சர் சொல்றாங்க. நல்ல சேதி சொல்லியும் அவளுக்கு ஏன் சந்தோஷமே வரல?"

"நீங்க ஏன் இங்க இருக்கீங்க?"

"மண்டலம் இருக்கேனே அம்மா. இன்னும் முடியலையே."

"நான் இருக்கச் சொன்னேனா?"

"இல்ல. நானா வேண்டிக்கிட்டது."

வல்லியம்மா மொச்சையை உரித்துக்கொண்டே இருந்தார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் சபாபதிக்குத் தாங்கவில்லை.

"பயமா இருக்கும்மா" என்றார். "இவ அம்மாவை அதே ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிட்டுப் போனேன். என் கையைப் பிடிச்சுக்கிட்டு நடந்துதான் உள்ள போனா. அந்த வாசல்ல மறுபடி போய் நின்னு, உள்ளேர்ந்து யாராவது வந்து எதையாவது சொல்லுவாங்கன்னு காத்திருக்க என்னால முடியாது. அவகூட வீட்டுல உட்கார்ந்து அந்த நாளை எண்ணிக்கிட்டிருக்கவும் முடியாது. அதுக்குத்தான் இங்க வந்தேன். வேண்டுதல்னு சொன்னா யாரும் ஒண்ணும் கேட்க மாட்டாங்கன்னு வந்தேன்."

வல்லியம்மா மொச்சை உரிப்பதை நிறுத்தினார். முறத்தைத் தள்ளிவைத்தார்.

"கோதைக்குப் போன் பண்ணினா என்ன சொல்லுவீங்க?"

"தைரியம்தான் சொல்லுவேன். அப்பா இதோ பக்கத்துலதான் இருக்கேன், வந்துக்கிட்டேதான் இருக்கேன்னு நினைச்சுக்கோன்னு."

"ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை சொல்லுவீங்களா?"

"சொல்லுவேன்."

வல்லியம்மா எழுந்தார். டிரம்மைத் திறந்து சாவியை எடுத்து, ஒட்டியிருந்த தவிட்டைப் புடவைத் தலைப்பால் துடைத்து, சபாபதியின் கையில் வைத்தார்.

"ஒவ்வொரு தடவையும் எழுந்து வாசலைப் பார்த்திருப்பா."