பதினேழாவது படம்

“என் மூஞ்சியப் பாத்தாலே அந்தக் கம்ப்யூட்டர் என்னைத் தள்ளி விட்டுடுது, டீச்சர்.”

சொன்னவள் செண்பகவல்லி. வயது நாற்பத்தொன்று. டீச்சர் நஸ்ரீனுக்கு இருபத்தொன்பது. ஓசூரில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவள். முகத்தை மூடிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் ஒருநாள் முழுக்க நின்று, “நான் என்ன வேலை பாக்குறவ, சொல்லுங்க” என்று போவோர் வருவோரையெல்லாம் கேட்டவள். ஊரில் பாதிப் பேர் அவளைப் பைத்தியம் என்றார்கள். செண்பகவல்லி அடுத்த ஞாயிறே படம் எடுக்கக் கற்க அவளிடம் மாணவியாகச் சேர்ந்தாள்.

“என்னாச்சு அக்கா?”

“ஷிப்ட் லீடர் வேலை காலி. மேனேஜர் எங்க படம், பைல் எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல போட்டு ஆளைப் பொறுக்கச் சொல்லிட்டார். அஞ்சு பேரைப் பொறுக்குச்சு. அஞ்சு பேரும் ஆம்பளைங்க. ஆறு வருஷமா அங்க குப்பை கொட்டுறேன், நான் லாயக்கில்லையா?”

“நான் என்ன செய்யணும்?”

“புதன்கிழமைதான் முடிவு. கோட்டு மாட்டி, மொறைச்ச மாதிரி ஒரு படம் எடுத்துக் குடுங்க. அதை ஏமாத்திடலாம்.”

“ஆபீஸ்ல உங்க வேலை என்ன?”

“தெரியாத மாதிரி கேக்குறீங்களே! படத்தைப் பாத்து, அதுல யார் யாருன்னு எழுதணும். டாக்டர், டிரைவர், முதலாளி. அதைப் படிச்சுத்தான் கம்ப்யூட்டர் கத்துக்கும். ஒரு படத்துக்கு நாலு நொடி.”

நஸ்ரீன் இருபது படங்களை மேசைமேல் வைத்தாள். எல்லா முகங்களின் மேலும் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தது.

“எழுதுங்க. அதே வேகம்.”

செண்பகவல்லிக்கு அது தண்ணீர் பட்ட பாடு. மளமளவென்று எழுதித் தள்ளினாள்.

நஸ்ரீன் பதினேழாவது படத்தை மட்டும் உருவினாள்.

ஸ்டுடியோவில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும். அவர் இடுப்பில் கைவைத்து நிற்கிறார். அவள் விளக்கைத் திருப்பிக்கொண்டிருக்கிறாள். அவருக்குக் கீழே ‘போட்டோகிராபர்’ என்று எழுதியிருந்தது. அவளுக்குக் கீழே ‘உதவியாள்’.

“தாளைப் பிரிங்க அக்கா.”

பிரித்தாள்.

அவர், போன ஞாயிறு பாஸ்போர்ட் படம் எடுக்க வந்த அரிசி மண்டிக்காரர். அவள், அன்று அவரை உட்காரவைத்து, விளக்கு திருப்பி, பாஸ்போர்ட் படம் எடுத்த செண்பகவல்லியேதான்; இது நஸ்ரீன் ஓரமாக நின்று எடுத்தது.

அவளுக்கு வெட்கத்தில் காது சுட்டது. தான் எழுதியதை மறுபடி படித்தாள்.

“ஒரு நாளைக்கு ஆறாயிரம் படம், டீச்சர்,” என்றாள். “ஆறு வருஷம் இப்படித்தான் அதுக்குக் கத்துக் குடுத்திருக்கேன்.”

“கோட்டு எடுத்துட்டு வரவா?”

“வேணாம். நான் எழுதினதை அழிச்சுட்டு, அந்தத் தாளைத் திரும்ப ஒட்டிக் குடுங்க. நாளைக்கு ஆபீஸ்ல நாப்பது பேர் முன்னாடி இந்தப் படத்தைப் புடிச்சுட்டு நிக்கப் போறேன்.”

“நின்னு?”

“யார் யாருன்னு எழுதச் சொல்வேன். நாலு நொடி. அப்புறம் தாளைப் பிரிப்பேன்.”

“முதல்ல யாரு?”

செண்பகவல்லி எழுந்து சேலை மடிப்பைச் சரிசெய்தாள்.

“மேனேஜர்தான்.”