கடைசி நாள் சமையல்

மிராசுதார் ஆவுடையப்பர் வீட்டில் நாற்பது வருஷம் சமைத்துப் போட்ட செங்கமலத்துக்கு, இனித் தன் வீட்டில் தனக்கென்று சமைத்துச் சாப்பிட ஆசை. எசமானின் அறுபதாம் கல்யாணப் பந்தியில் போய், வேலையிலிருந்து விடை கேட்டாள்.

"தாராளமாப் போ! நான் உசிரோட இருக்கிறவரைக்கும் வேண்டிய சாப்பாட்டை மொத்தமாச் சமைச்சு வெச்சிட்டுப் போ" என்றார் மிராசுதார். பந்தியே சிரித்தது.

செங்கமலம் அரிசிப் படியை எடுத்து வந்தாள். "ஆகட்டும் எசமான். எந்தத் தேதி வரைக்கும் அளக்கட்டும்? அந்தக் கடைசி நாள் காலைப் பலகாரத்தோட நிறுத்தட்டுமா, மத்தியானத்துக்கும் உலை வைக்கணுமா?"

மிராசுதார் கடித்த லட்டை இலையில் வைத்தார். அவர் மனைவி காதைப் பொத்திக்கொண்டாள். "நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு இது! முதல்ல அவளைப் போகச் சொல்லுங்க!"

"போ, போ!" என்று கையை உதறினார் மிராசுதார்.

அன்று செங்கமலம் தன் அடுப்பில் ஒரு பிடி அரிசி பொங்கி, யாருக்கும் பரிமாறாமல், சூடு ஆறுவதற்குள் சாப்பிட்டாள்.