கொம்பையா பார்க்கப் போன சாமி

“மூணு வருஷமா உங்க பின்னால சுத்துறேன். என் சந்தேகம் போகலை, அம்மா. இப்ப உங்க மேலயே வந்துட்டு.”

கொம்பையா இதைச் சொன்னது கியோட்டோவில், ஒரு பேருந்து நிறுத்தத்தில். அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. முப்பது வருஷம் போலீஸ். குரு தமயந்திக்கு முப்பத்தொன்று. ஜப்பானிலேயே ஆறு வருஷம் படித்தவர்.

“என் மேல என்ன சந்தேகம், அண்ணாச்சி?”

“உங்களுக்கு நிஜமாவே ஏதாவது தெரியுமா, இல்லை சிரிச்சே சமாளிக்கிறீங்களான்னு.”

தமயந்தி சிரித்தார்.

“பாத்தீங்களா!”

“இன்னைக்குக் கோயில் பார்ப்போம். ஏறுங்க, பஸ் வந்துட்டு.”

கொம்பையாவுக்கு இது விளையாட்டு இல்லை. அவர் மனைவி வெள்ளத்தாய் மூன்று வருஷத்துக்கு முன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னார். “இந்தச் சந்தேகத்தை எங்கயாவது தொலைச்சுட்டு வந்து கூப்பிடுங்க. வாரேன்.”

தொலைக்கத்தான் குருவைத் தேடிப் பிடித்தார். நாளைக் காலை ஊருக்கு விமானம். சந்தேகம் அப்படியே இருக்கிறது.

முதல் கோயில். வாசலில் கல்தொட்டி, தண்ணீர், மூங்கில் அகப்பை.

கொம்பையா மொண்டார். மூன்று தடவை மோந்து பார்த்தார். உள்ளங்கையைக் குழித்து ஊற்றி மூன்று மடக்கு குடித்தார். மிச்சத்தைத் தலையில் தடவிக்கொண்டார்.

பக்கத்தில் நின்றவர்கள் கை கழுவி, வாய் கொப்பளித்து, கீழே ஓரமாகத் துப்பிக்கொண்டிருந்தார்கள். அப்படியே நின்று இவரைப் பார்த்தார்கள்.

“இது தீர்த்தம் இல்லையா?”

“கை, வாய் கழுவுற தண்ணி.”

“முதல்லயே சொல்லக் கூடாதா?”

“மூணு தடவை மோந்து பாத்தீங்க. ஒரு தடவை பக்கத்துல நிக்கிறவங்களைப் பாத்திருக்கலாம்.”

இரண்டாவது கோயில். ஒரு பெட்டியைக் குலுக்கினால் எண் போட்ட குச்சி விழும். அந்த எண்ணுக்கு ஒரு குறிச்சீட்டு தருவார்கள்.

கொம்பையாவுக்குக் கிடைத்த சீட்டைத் தமயந்தி வாசித்தார். “‘காத்திருக்கும் ஆள் வருவார்’னு போட்டிருக்கு.”

“எனக்காகச் சொல்றீங்க.”

“சீட்டுல இருக்கு, அண்ணாச்சி.”

கொம்பையா செல்போனை எடுத்துச் சீட்டுக்கு மேல் பிடித்தார். அது மொழிபெயர்த்தது. ‘காத்திருப்பு நபர் வருகிறது.’

செல்போனையும் குருவையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ரெண்டு பேரும் கூட்டு,” என்றார்.

மூன்றாவது கோயில் மலைமேல். சின்னது. உள்ளே இருட்டு, ஊதுபத்திப் புகை. நடுவில் கறுப்பு மரக்கதவு போட்ட ஒரு சன்னதி. கதவு சாத்தியிருந்தது. குறுக்கே ஒரு கயிறு. பக்கத்தில் வயதான பிக்கு ஒருவர்.

“சாமி எங்க?”

“கதவுக்குப் பின்னால.”

“எப்பத் திறப்பாங்க?”

“திறக்க மாட்டாங்க. நானூறு வருஷமாத் திறக்கலை.”

“சிதம்பரத்துலகூடத் திரையை விலக்கிக் காட்டுவாங்களே! இவர் பாத்திருக்காரா, கேளுங்க.”

தமயந்தி கேட்டார். பிக்கு இல்லையென்று தலையசைத்தார்.

“பாத்ததில்லையாம். இவரோட குருவும் பாத்ததில்லையாம்.”

“அப்ப உள்ள இருக்குன்னு எப்படித் தெரியும்?”

பிக்கு நீளமாக என்னவோ பேசினார்.

“தினமும் காலையில சோறு வைக்கிறாராம்.”

“அவ்வளவு பேசினாரு. நீங்க நாலு வார்த்தையில முடிக்கிறீங்க.”

“மிச்சம், நீங்க போலீஸான்னு விசாரிச்சாரு.”

பிக்கு மணி அடிக்க வெளியே போனார். வேறு யாரும் இல்லை.

கொம்பையா கயிற்றைப் பார்த்தார். முழங்கால் உயரம்கூட இல்லை.

“ஒரே ஒரு நொடி. கண்ணால பாத்துட்டா தீந்துரும், அம்மா.”

“பாருங்க.”

“தடுக்க மாட்டீங்களா?”

“தடுத்தா, எதையோ மறைக்கிறேன்னு சொல்வீங்க.”

“தடுக்காட்டாலும் சந்தேகமாத்தான் இருக்கு.”

“தெரியும்.”

கயிற்றைத் தாண்டினார். கதவு வளையத்தைப் பிடித்தார். முப்பது வருஷப் பழக்கம், கண் தானாகவே பூட்டைத் தேடியது. மேலே தேடினார். கீழே குனிந்து தேடினார். செல்போன் வெளிச்சத்தை அடித்தும் பார்த்தார்.

“அம்மா, இதுல பூட்டே இல்லை.”

“ஆமா.”

“தாழ்ப்பாளும் இல்லை. விரலால தள்ளினாத் திறந்துரும்.”

“ஆமா.”

“நானூறு வருஷமாவா?”

வெளியே மணி ஒரு தடவை அடித்து, அடங்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டது.

கொம்பையாவின் கை வளையத்திலேயே இருந்தது.

“அவ பீரோவும் பூட்டினதில்லை.”

“யாரு?”

“வெள்ளத்தாய். நான் டூட்டி முடிஞ்சு வந்ததும் குடைவேன். சேலையை எல்லாம் உதறிக் கீழே போட்டுருவேன். மறுநாளும் பீரோ திறந்தேதான் கிடக்கும். எவ்வளவு கெட்டிக்காரியா இருந்தா பூட்டாம வைப்பான்னு நினைச்சேன்.”

“ம்.”

“மறுநாள் எல்லாச் சேலையும் மடிச்சிருக்கும், அம்மா.”

அவர் கையை எடுத்தார்.